அடிதடியில் மாட்டிய பையன்: ஸ்டேஷன் வாசலிலிருந்து கோப்பு மூடும் வரை

ஏப்ரல் 15 வந்தால் விசைப்படகுகள் கரையில் நின்றுவிடும். ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். பள்ளி விடுமுறையும் அதற்குள்ளேயே வரும். இராமநாதபுரம் மாவட்டத்தின் பாம்பனோ தொண்டியோ கீழக்கரையோ சாயல்குடிப் பக்கமோ, பையன்களுக்குப் பகலில் கிரிக்கெட், ராத்திரியில் படகுத்துறை ஜெட்டியோரம் உட்கார்ந்து போன். ஒரு பேனர் கிழியும். ஒருத்தன் ரீல்ஸில் பக்கத்துத் தெருவைச் சீண்டுவான். மறுநாள் நாலு பைக்கில் பத்துப் பேர் கிளம்புவார்கள். ஒருத்தன் மண்டை உடையும். அந்தப் பத்தில் ஏழு பேருக்குப் பதினெட்டு நிறைந்திருக்காது.

அந்த ஏழு பேரின் பெற்றோர், ஊர்த் தலைவர், ஜமாத் பொறுப்பாளர், பள்ளித் தலைமையாசிரியர், முதல்முறையாகச் சிறார் வழக்கைக் கையில் எடுக்கும் வக்கீல் ஆகியோருக்காக இது எழுதப்படுகிறது. அடிபட்டவரின் வீட்டாரும் படிக்கலாம். அவர்களுக்கும் இதில் உரிமை உண்டு.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம்

சிறார் நீதிச் சட்டம் 2015, அமலுக்கு வந்தது 2016 ஜனவரி 15. அதன் 3-ஆம் பிரிவு சொல்லும் கோட்பாடுகளில் ஒன்று: சட்டத்துக்கு முரண்பட்ட குழந்தையின் விவகாரத்தை, முடிந்தவரை நீதிமன்ற நடவடிக்கைக்குள் இழுக்காமல் வேறு வழியில் தீர்க்க வேண்டும். இதைத்தான் மாற்றுவழி என்கிறோம். ஆனால் சட்டத்தில் 'மாற்றுவழி' என்று பெயர்ப்பலகை வைத்த தனி அறை எதுவும் கிடையாது. அங்கங்கே சின்னச் சின்னக் கதவுகள் இருக்கின்றன. ஸ்டேஷனில் ஒன்று, முதல் ஆஜரில் ஒன்று, விசாரணையின் நடுவில் ஒன்று, இறுதி உத்தரவில் ஒன்று. எந்தக் கதவு எப்போது திறக்கும், அதற்கு எந்தக் காகிதம் வேண்டும் என்று தெரியாதவர்கள், எல்லாம் மூடிய பிறகு வக்கீலைத் தேடுகிறார்கள்.

ஊரில் உட்கார்ந்து ஐம்பதாயிரம் அபராதம் கட்டச் சொல்லி, பையனைக் காலில் விழவைத்து, 'கேஸ் வேண்டாம்' என்று எழுதி வாங்குவது மாற்றுவழி ஆகாது. அது கட்டப்பஞ்சாயத்து. அந்தக் காகிதம் சிறார் வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்தைக் கட்டுப்படுத்தாது. சாட்சியை மிரட்டினார்கள் என்று எதிர்த்தரப்பு பிறகு சொன்னால், பொய்ச் சாட்சி சொல்ல மிரட்டியதற்கான பாரதிய நியாய சன்ஹிதா (பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த சட்டம்) பிரிவு 232 பெரியவர்கள் மேல் பாயும். அதற்கு ஏழு ஆண்டு வரை தண்டனை. ஊர்ப் பெரியவர்களுக்கு இதில் வேலை உண்டு, அது பின்னால் வருகிறது.

படி 1: ஸ்டேஷனில் முதல் சில மணி நேரம்

ஒவ்வொரு காவல் நிலையத்திலும் குழந்தைகள் நல காவல் அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும். உதவி சப்-இன்ஸ்பெக்டர் தகுதிக்குக் குறையக் கூடாது. போனதும் முதல் கேள்வி, "சார், இங்க குழந்தைகள் நல அலுவலர் யாரு?" என்பதாக இருக்கட்டும். பையன் பதினெட்டுக்குக் கீழ் என்று சொன்ன நொடியிலிருந்து அவர் பொறுப்பில்தான் பையன் இருக்க வேண்டும். பையனிடம் பேசும்போது அவர் சீருடையில் இருக்கக் கூடாது.

லாக்கப்பில் வைக்கக் கூடாது. கைவிலங்கு கூடாது. ஒப்புக்கொள்ளச் சொல்லி நெருக்கக் கூடாது. எந்த வாக்குமூலத்திலும் கையெழுத்து வாங்கக் கூடாது. விசாரிக்கும்போது பெற்றோர் கூட இருக்கலாம். பயணநேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். இவை 10-ஆம் பிரிவிலும் 2016 மாதிரி விதிகளின் 8-ஆம் விதியிலும் இருக்கின்றன.

இந்த 8-ஆம் விதிதான் முதல் கதவு. கொடுங்குற்றம் (குறைந்தபட்சத் தண்டனையே ஏழு ஆண்டு உள்ளது, விவரம் படி 3-இல்) என்றாலோ, பெரியவர்களோடு சேர்ந்து செய்ததாகச் சொல்லப்பட்டாலோ மட்டுமே முதல் தகவல் அறிக்கை. மற்றபடி, நிலையத்தின் பொது நாட்குறிப்பில் தகவலைப் பதிந்து, பையனின் சமூகப் பின்னணி அறிக்கையை 1-ஆம் படிவத்தில் எழுதி, முதல் அமர்வுக்கு முன் குழுமத்துக்கு அனுப்ப வேண்டும். பிடித்து வைக்கும் அதிகாரமும் கொடுங்குற்றத்துக்குத்தான். அதற்குக் கீழ்ப்பட்ட குற்றத்தில், பையனின் நலனுக்கே அவசியம் என்றால் ஒழிய, எந்தத் தேதியில் குழுமத்துக்கு அழைத்துவர வேண்டும் என்று பெற்றோருக்குச் சொல்லி அனுப்பிவிட வேண்டும்.

நடப்பு வேறு. எஃப்.ஐ.ஆர். போட்டுவிட்டுப் பிறகு பேசுவதுதான் பல இடங்களில் வழக்கம். ஸ்டேஷனில் கத்திப் பயனில்லை. சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் 15100 எண்ணுக்குக் கூப்பிட்டு இலவச வக்கீல் கேளுங்கள். வக்கீல் வந்ததும், 8-ஆம் விதி பின்பற்றப்படவில்லை என்பதை எழுத்தில் குழுமத்தின் முன் வைக்கட்டும். எஃப்.ஐ.ஆரை ரத்து செய்யும் அதிகாரம் குழுமத்துக்கு இல்லை, அது உயர்நீதிமன்ற மதுரைக் கிளையின் வேலை. ஆனால் ஜாமீனிலும் பிறகும் அந்த எழுத்து பேசும். பையனுக்கு அடிபட்டிருந்தால், குழுமத்துக்குப் போகும் முன்பே அரசு மருத்துவமனையில் காட்டி ஏ.ஆர். பதிவு (விபத்து, காயப் பதிவேடு) போடச் சொல்லுங்கள். இரண்டு நாள் கழித்துச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.

இன்னொன்றும் அடிக்கடி நடக்கிறது. 'சமாதானத்துக்குப் பத்திரம் எழுதிக் கொடு' என்று, நன்னடத்தைப் பிணை நடவடிக்கையில் பையன் பெயரையும் சேர்ப்பது. குழந்தைமேல் அந்தப் பிணை நடவடிக்கையே எடுக்க முடியாது என்று 22-ஆம் பிரிவு நேராகவே சொல்கிறது. தாசில்தார் அலுவலகத்திலிருந்து சம்மன் வந்தால், வயதுச் சான்றோடு பிரிவு எண்ணையும் எழுதிப் பதில் கொடுத்தால் போதும்.

படி 2: வயது

சம்பவம் நடந்த அன்று வயது என்ன என்பதுதான் கணக்கு. பிடிபட்ட அன்றைய வயது இல்லை. பதினெட்டு நிறைய ஒரு நாள் இருந்தாலும் அவன் குழந்தைதான். வழக்கு நடக்கையில் இருபது ஆனாலும் அவன் வழக்குக் குழுமத்தில்தான்.

94-ஆம் பிரிவின் வரிசை: முதலில் பள்ளியில் உள்ள பிறந்த தேதிச் சான்று அல்லது பத்தாம் வகுப்புச் சான்றிதழ். அது இல்லையென்றால் உள்ளாட்சி கொடுத்த பிறப்புச் சான்று. இரண்டும் இல்லாதபோது மட்டும் எலும்புப் பரிசோதனை, அதையும் உத்தரவிட்ட 15 நாளில் முடிக்க வேண்டும். இந்த வரிசையில் ஆதார் இல்லை. ஸ்டேஷனில் முதலில் கேட்பது ஆதார்தான். அதில் பிறந்த வருடம் மட்டும் இருந்து, ஜனவரி 1 என்று விழுந்திருந்தால் பையன் ஒரே கையெழுத்தில் பெரியவனாகிவிடுவான். கடற்கரை ஊர்களில் பள்ளியில் சேர்க்கும்போது வயதைக் கூட்டிச் சொன்ன வீடுகள் உண்டு, குறைத்துச் சொன்ன வீடுகளும் உண்டு. பள்ளிச் சான்றும் பிறப்புச் சான்றும் முரண்பட்டால் எதையும் மறைக்காமல் இரண்டையும் வக்கீலிடம் கொடுங்கள். புதிதாக ஒன்றைத் 'தயார்' பண்ணினால் வழக்கோடு வழக்காக அப்பாவும் உள்ளே போவார்.

படி 3: எழுதப்படும் பிரிவு எண்கள்

இங்கேதான் வழக்கின் போக்கு தீர்மானமாகிறது. சட்டம் குற்றங்களை மூன்றாகப் பிரிக்கிறது. அதிகபட்சத் தண்டனை மூன்று ஆண்டு வரை என்றால் சிறு குற்றம். அதற்கு மேல் ஏழு ஆண்டு வரை என்றால் கடுங்குற்றம். குறைந்தபட்சத் தண்டனையே ஏழு ஆண்டு அல்லது அதற்கு மேல் என்றால் கொடுங்குற்றம். அதிகபட்சம் ஏழைத் தாண்டியும் குறைந்தபட்சம் சொல்லப்படாத குற்றங்கள் எதில் சேரும் என்ற குழப்பத்தை, 2020-இல் ஷில்பா மிட்டல் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்த்துவைத்தது. 2021 திருத்தம் அதைச் சட்டத்திலேயே எழுதியது. அவையும் கடுங்குற்றம்தான்.

தெருச்சண்டை மனுவில் வழக்கமாக விழும் பாரதிய நியாய சன்ஹிதா எண்களை இந்தக் கண்ணோடு பாருங்கள். ஆபாசமாகத் திட்டியதற்கு 296(பி), மூன்று மாதம் வரை. கையால் அடித்ததற்கு 115(2), ஓர் ஆண்டு வரை. வழிமறித்ததற்கு 126(2), ஒரு மாதம் வரை. ஆயுதத்தால் சாதாரணக் காயம் 118(1), மூன்று ஆண்டு வரை. கூட்டமாகக் கலகம் 191(2), இரண்டு ஆண்டு வரை. இத்தனையும் சேர்ந்தாலும் சிறு குற்றம்தான். பையனுக்கு எல்லாக் கதவும் திறந்திருக்கும்.

இப்போது ஒரே ஒரு எண்ணைச் சேருங்கள்: கொலை மிரட்டலுக்கான 351(3). ஏழு ஆண்டு வரை. "கொன்னுருவேன்டா" என்று கத்தாத தெருச்சண்டை எங்கே இருக்கிறது? ஸ்டேஷன் ரைட்டர் பழக்கத்தில் கடைசியில் சேர்க்கும் இந்த ஒரு எண், மொத்த வழக்கையும் சிறு குற்றத்திலிருந்து கடுங்குற்றத்துக்கு நகர்த்திவிடும். கொடிய ஆயுதத்தோடு கலகம் 191(3), ஐந்து ஆண்டு, அதுவும் அப்படியே.

காயத்தின் கதை இன்னும் நுணுக்கம். எலும்போ பல்லோ உடைந்தால் சட்டப்படி அது கொடுங்காயம். 15 நாள் கடும் உடல் வேதனையில் இருந்தாலும் கொடுங்காயம். பழைய தண்டனைச் சட்டத்தில் இது 20 நாளாக இருந்தது. ஒரு பல் விழுந்தாலே 117(2), ஏழு ஆண்டு வரை. ஆகவே பொதுப் பேச்சை விட மருத்துவர் தரும் காயச் சான்றிதழுக்கு எடை அதிகம். அது வந்ததும் பிரிவுகள் மாற்றப்படலாம், கூடவும் செய்யும், குறையவும் செய்யும். 'சாதாரணக் காயம்' என்று சான்று வந்த பின்னும் பிரிவு மாறாமல் இருந்தால், அதைக் குழுமத்தில் எடுத்துச் சொல்வது வக்கீலின் முதல் வேலை.

கொலை முயற்சி 109-க்குக் குறைந்தபட்சத் தண்டனை இல்லை, ஆகவே கடுங்குற்றம். 'அட்டெம்ப்ட் மர்டர் போட்டுட்டாங்க, இனி பெரிய கோர்ட்டுதான்' என்று வீட்டில் அழுவது தேவையில்லாதது. கொலை 103 கொடுங்குற்றம். நாட்டு வெடிகுண்டு வீசினால் வெடிபொருட்கள் சட்டத்தின் 3-ஆம் பிரிவும் குறைந்தது பத்து ஆண்டு என்பதால் கொடுங்குற்றம்தான். கொடுங்குற்றமாக இருந்து பையனுக்குப் பதினாறு நிறைந்திருந்தால் மட்டுமே 15-ஆம் பிரிவின் முதற்கட்ட மதிப்பீடு. செய்யும் திறன், விளைவைப் புரிந்துகொள்ளும் திறன், சூழ்நிலை மூன்றையும் பார்த்து, பெரியவனைப் போல விசாரிக்கக் குழந்தைகள் நீதிமன்றத்துக்கு அனுப்புவதா என்று மூன்று மாதத்துக்குள் குழுமம் முடிவெடுக்கும். பதினாறு நிறையாதவனுக்கு அந்தப் பேச்சே இல்லை.

சாதியை ஒட்டிய சண்டையில் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் சேரும். இந்த மாவட்டத்தில் செப்டம்பர் 11 (இம்மானுவேல் சேகரன் நினைவு நாள்), அக்டோபர் 30 (தேவர் ஜெயந்தி) இரண்டுக்கும் முன்பின்னாக என்ன மாதிரியான கெடுபிடி இருக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். அந்த வாரங்களில் பையன்கள் கையில் கட்டும் கலர்க் கயிறுகூட வழக்கில் இடம் பிடிக்கும். பள்ளி மாணவர் சாதி மோதல் குறித்து அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் கொடுத்த அறிக்கை, கயிற்றையும் நெற்றிக் குறியையும் பள்ளியில் தடுக்கச் சொன்னது. அந்தச் சட்டத்தின் 3(1) குற்றங்கள் ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு, அதாவது கடுங்குற்றம். பத்து ஆண்டோ மேலோ தண்டனையுள்ள குற்றத்தோடு சேர்ந்து ஆயுள் என்று வரும் உட்பிரிவு போடப்பட்டால் கொடுங்குற்றம் என்ற வாதம் எழும். இத்தகைய வழக்கில் 'விட்டுக்கொடுங்க' என்று பாதிக்கப்பட்டவர் வீட்டுக்கு ஆள் அனுப்புவது பையனுக்கே குழி தோண்டுவது. வழிகள் இங்கும் உண்டு, ஆனால் குழுமத்தின் வழியாக மட்டும்.

படி 4: முதல் ஆஜரும் ஜாமீனும்

இராமநாதபுரத்தில் அமரும் குழுமம் மூன்று பேர் கொண்டது. முதன்மை நடுவர் ஒருவர், சமூகப் பணியாளர் இருவர், அவர்களில் ஒருவராவது பெண். மேடையில்லை, கூண்டில்லை. ஒரே மட்டத்தில் மேஜை. பையனை நேராகப் பார்த்து, "என்னப்பா நடந்துச்சு?" என்று கேட்பார்கள். வீட்டில் மனப்பாடம் பண்ணிக் கொடுத்த வசனத்தை ஒப்பிக்கும் பையன் அந்த இடத்திலேயே மாட்டிக்கொள்வான். சமூகப் பணியாளர்கள் தினமும் இதைத்தான் கேட்டுக்கொண்டிருப்பவர்கள். வக்கீல் சொல்லச் சொன்னதை மட்டும், தன் வார்த்தையில் சொல்லட்டும்.

முதல் ஆஜரிலேயே, குற்றச்சாட்டுக்கு ஆதாரம் இல்லை என்றாலோ, விஷயம் சிறு குற்றம் என்றாலோ, அன்றே வழக்கை முடித்துவிடும் அதிகாரம் 10-ஆம் விதியில் குழுமத்துக்கு உண்டு. இது இரண்டாவது கதவு. பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை என்பதால்தான் இது திறப்பதில்லை. பிரிவுகள் எல்லாம் மூன்று ஆண்டுக்குள் அடங்குகின்றன என்ற ஒரு பக்கக் கணக்கு, வயதுச் சான்று, பள்ளி வருகைப் பதிவு, பெற்றோரின் உறுதிமொழி, காயம்பட்டவர் வீட்டின் சிகிச்சை நிலை பற்றிய தகவல் ஆகிய ஐந்தும் அன்றே கையில் இருந்தால் கேட்கலாம்.

ஜாமீன் 12-ஆம் பிரிவில். குழந்தைக்கு ஜாமீன்தான் விதி, மறுப்பு விலக்கு. மறுக்க மூன்றே காரணம்: தெரிந்த குற்றவாளிகளோடு சேர்ந்துவிடுவான், உடல் மன ஒழுக்க ஆபத்துக்கு உள்ளாவான், நீதியின் நோக்கம் கெடும். மறுத்தால் காரணத்தை எழுத வேண்டும். 'குற்றம் பெரிது' என்பது அந்த மூன்றில் இல்லை. ஆனால் முதல் காரணம் நம் ஊர் வழக்குகளில் நிஜமாகவே எடைகொண்டது. அதே தெருவில் அதே கூட்டம் இருக்கிறது, எதிர்த்தரப்பு பழிவாங்கக் காத்திருக்கிறது. இதற்குப் பதில், பையனைச் சில மாதம் எங்கே தங்கவைப்பது என்ற திட்டம். பரமக்குடியில் சித்தி வீடா, மதுரையில் மாமா வீடா என்று முகவரியோடு, அந்த உறவினரையே குழுமத்துக்கு நேரில் கூட்டிவந்து, 'என் பொறுப்புங்கய்யா' என்று சொல்லவையுங்கள். வெறும் பெயர் சொன்னால் எடுபடாது. நிபந்தனையை நிறைவேற்ற முடியாமல் ஏழு நாள் ஆகிவிட்டால், நிபந்தனையைத் தளர்த்தக் குழுமம் முன் மீண்டும் நிறுத்த வேண்டும். விசாரணை முடியும்வரை சிறாரை வைக்கும் கூர்நோக்கு இல்லத்தில் விட்டுவிட்டால், போய்ப் பார்க்கவே அப்பா ஒரு நாள் கடலை விட வேண்டிவரும். ஜாமீன் மனுவைத் தள்ளிப்போடாதீர்கள்.

படி 5: சமூக ஆய்வறிக்கை, ஒரு வாக்கியத்தின் வித்தியாசம்

நன்னடத்தை அலுவலர் இரண்டு வாரத்துக்குள் 6-ஆம் படிவத்தில் அறிக்கை தர வேண்டும். குழுமம் இதை நம்பித்தான் அடுத்ததை யோசிக்கிறது. அலுவலர் தலையில் பல கோப்புகள் இருக்கும். விவரம் கிடைக்காவிட்டால் இப்படி எழுதுவார்:

"தந்தை மீனவர். குடும்பம் ஏழ்மையானது. தீய நண்பர்கள் சேர்க்கை உண்டு. மேற்பார்வை தேவை."

இதை வைத்து எந்தத் திட்டமும் போட முடியாது. பாதி மாவட்டத்துக்கு இது பொருந்தும். வீட்டார் விவரம் கொடுத்தால் அதே அறிக்கை இப்படி வரும்:

"தந்தை விசைப்படகில் கூலி. டோக்கன் எடுத்துக் கடலுக்குப் போகும் இரவுகளில் வீட்டில் ஆண் துணை இல்லை. தாய் அதிகாலை நாலு மணிக்கு மீன் ஏலத்துக்குக் கிளம்புகிறார். பையன் ஜெட்டிக்குப் போவது இந்த இரவுகளில்தான். பத்தாம் வகுப்பில் கணக்கில் தவறியபின் பள்ளி நின்றது. பைக் மெக்கானிக் கடையில் ஆறு மாதம் வேலை பார்த்திருக்கிறான், முதலாளி நல்லபடி சொல்கிறார். தாத்தா அதே தெருவில் இருக்கிறார், இரவில் பையனைத் தன் வீட்டில் வைத்துக்கொள்ளச் சம்மதிக்கிறார்."

எந்த இரவு, எந்த ஓட்டை, எதால் அடைக்கலாம் என்று இதில் இருக்கிறது. ஆகவே அலுவலர் வரும்முன் ஒரு தாளில் எழுதி வையுங்கள்: ஒரு வாரத்தின் ஏழு நாளிலும் காலை ஆறு முதல் இரவு பன்னிரண்டு வரை பையன் எங்கே, யாரோடு. கஞ்சாவோ போதை மாத்திரையோ உண்டென்றால் சொல்லிவிடுங்கள். மறைத்தால் போதை மீட்புச் சிகிச்சைக்கு உத்தரவு வாங்கும் வாய்ப்பு போய்விடும், மூன்றாம் மாதத்தில் அதே பழக்கத்தால் ஜாமீன் நிபந்தனை மீறுவான். பள்ளி நின்றுபோனதைச் 'சும்மா லீவு' என்று சொல்லும் வீடுகளும் இதே தவறைத்தான் செய்கின்றன.

படி 6: குழுமத்தின் முன் வைக்கும் திட்டம்

18-ஆம் பிரிவில் குழுமம் கொடுக்கக்கூடிய உத்தரவுகள் மெலிதிலிருந்து கனமாக அடுக்கியிருக்கின்றன. அறிவுரை சொல்லி, பையனுக்கும் பெற்றோருக்கும் ஆலோசனை கொடுத்து வீட்டுக்கு அனுப்புதல், குழு ஆலோசனை, சமூக சேவை, அபராதம், பெற்றோர் பொறுப்பில் மூன்று ஆண்டுக்கு மிகாத நன்னடத்தைக் கண்காணிப்பு, தகுந்த அமைப்பின் பொறுப்பில் கண்காணிப்பு, கடைசியாகச் சிறப்பு இல்லம். இதோடு பள்ளிக்குப் போ, தொழில் கற்றுக்கொள், இன்ன இடத்துக்குப் போகாதே, போதை மீட்புக்குப் போ என்றும் சேர்க்கலாம். 'எப்படியாவது விட்டுருங்கய்யா' என்று நிற்பதை விட, இன்ன உட்பிரிவில் இன்ன திட்டம் என்று எழுதிக் கொடுப்பவர் பக்கம் குழுமம் சாய்வது இயல்பு.

சமூக சேவை பதினான்கு வயதுக்கு மேற்பட்டவனுக்கு. பூங்கா பராமரிப்பு, முதியோர் சேவை, மருத்துவமனையில் உதவி, மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்கு உதவி, போக்குவரத்துத் தன்னார்வலர் என்று விதிகள் உதாரணம் காட்டுகின்றன. இடத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். சொந்தத் தெருவைக் கூட்டச் சொல்லாதீர்கள். பையன் அவமானப்படுவான், பார்ப்பவன் படம் பிடிப்பான், மூன்றாம் நாள் இன்னொரு சண்டை. அமாவாசைக் கூட்டத்தில் அக்னி தீர்த்தக் கரையில் நிறுத்துவதும் அப்படித்தான், ராமேஸ்வரம் பையனை ராமேஸ்வரத்தில் எல்லாருக்கும் தெரியும். மாறாக, இராமநாதபுரம் அரசு மருத்துவமனையில் புறநோயாளி வரிசையில் முதியவர்களுக்குச் சீட்டு எடுத்துக் கொடுப்பது, சக்கர நாற்காலி தள்ளுவது போன்றவை பொருந்தும். ஒரு மாதிரித் திட்டம்: சனிக்கிழமை தோறும் காலை எட்டு முதல் பன்னிரண்டு வரை, பத்து வாரம், மொத்தம் 40 மணி நேரம். வருகை நோட்டில் பொறுப்பாளர் கையெழுத்து, மாதம் ஒருமுறை நன்னடத்தை அலுவலரிடம் நகல். பொறுப்பாளரின் சம்மதக் கடிதத்தை முன்பே வாங்கிவிடுங்கள். சம்மதம் இல்லாமல் உத்தரவு வாங்கி, போய் நின்றால் 'இங்க அப்படி எதுவும் இல்ல' என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஐஸ் கம்பெனியிலோ மீன் கம்பெனியிலோ சம்பளமில்லாமல் வேலை செய்யவைப்பது சமூக சேவை ஆகாது.

தொழில் கற்பது என்றால் இராமநாதபுரம், பரமக்குடி அரசு ஐ.டி.ஐ.களின் சேர்க்கை மாதத்தைப் பார்த்துத் திட்டம் போடுங்கள். சேர்க்கை முடிந்த பிறகு உத்தரவு வந்தால் பையன் பத்து மாதம் சும்மா இருப்பான். ஏப்ரல் முதல் ஜூன் வரைக்குத் தனித் திட்டம் எழுதுங்கள். தடைக்காலத்தில் அப்பா வீட்டில் இருப்பார், அது வசதி. ஊரில் கூட்டமும் இருக்கும், அது ஆபத்து. வலை பின்னுவதைத் தாத்தாவிடம் கற்பதைக்கூட நேரம் குறித்து எழுதலாம்.

பாதிக்கப்பட்டவர் வீடு. சந்திப்பு அவர்களுக்கு விருப்பம் இருந்தால் மட்டும், நன்னடத்தை அலுவலரோ ஆலோசகரோ முன்னிலையில். இரு பக்கமும் மூன்று பேருக்கு மேல் வேண்டாம். பையன் தான் செய்ததை மட்டும் சொல்லட்டும், 'அவன் முதல்ல திட்டுனான்' என்று ஆரம்பித்தால் அத்தோடு நிறுத்திவிட்டு இன்னொரு நாள் வையுங்கள். மருத்துவச் செலவுக்கு ரசீது பார்த்துத் தொகை, கொடுத்ததற்குக் கையெழுத்து. ரசீதில்லாத 'நஷ்டஈடு' பேரமாகிவிடும். ஊர்த் தலைவருக்கோ ஜமாத்துக்கோ பங்குத் தந்தைக்கோ இங்கேதான் வேலை: சந்திப்பு முடியும்வரை இரு தெருவிலும் யாரும் வாயைத் திறக்காமல் பார்த்துக்கொள்வது, பையனின் இரவு நேரத்துக்குப் பொறுப்பாள் ஒருவரைத் தருவது. காயம்பட்டவர் வீட்டுக்குச் சட்டப் பணிகள் ஆணைக்குழு வழியாக அரசு இழப்பீடு கேட்கும் உரிமையும் உண்டு. பையன் தரப்போடு பேசினால் அது போய்விடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். சில பிரிவுகளில் சமரசம் சட்டப்படி செல்லும், சிலவற்றில் செல்லாது. எது எது என்பதை வக்கீலிடம் எண் எண்ணாகக் கேளுங்கள்.

விசாரணைக் காலத்தையும் எண்ணிக்கொண்டே இருங்கள். முதல் ஆஜரிலிருந்து நான்கு மாதம், அதிகபட்சம் இன்னும் இரண்டு. சிறு குற்ற வழக்கு அதற்குள் முடியாவிட்டால் நடவடிக்கை அத்தோடு முடிந்தது என்று 14-ஆம் பிரிவு சொல்கிறது. ஆறாம் மாதம் முடிந்த மறுநாள் மனுப் போடுங்கள். கடுங்குற்றம் என்றால் தலைமை நீதித்துறை நடுவர் காலம் நீட்டலாம். மேலே சொன்ன அந்த 351(3) எவ்வளவு விலையுள்ளது என்று இங்கே புரியும்.

படி 7: பின்னால் நிற்கும் பெரியவர்கள்

பத்துப் பேரில் மூன்று பேர் இருபத்தைந்து வயது அண்ணன்கள் என்றால், அவர்கள் வழக்கு தனி நீதிமன்றத்தில், பையன் வழக்கு குழுமத்தில். 23-ஆம் பிரிவுப்படி சேர்த்து நடத்த முடியாது. இந்தப் பிரிவினையை அண்ணன்கள் நன்றாகப் புரிந்துவைத்திருக்கிறார்கள். "நீ சின்னப் பையன்டா, நீதான் வெட்டுனேன்னு சொல்லிரு, ஒண்ணும் ஆகாது" என்ற பேச்சு அங்கிருந்துதான் வருகிறது. வக்கீல் பீஸையும் அவர்களே கட்டுவார்கள். அந்த வக்கீலை ஏற்காதீர்கள், அவர் யாருக்காக நிற்கிறார் என்பது பீஸ் கட்டியவருக்குத் தெரியும். இலவச வக்கீல் இருக்கிறார்.

பெரியவர்கள் குழந்தையைச் சட்டவிரோதக் காரியத்துக்குப் பயன்படுத்தினால் 83-ஆம் பிரிவில் ஏழு ஆண்டு வரை கடுங்காவல், ஐந்து லட்சம் அபராதம். கஞ்சா, சாராயம் கடத்தப் பையனைப் பயன்படுத்தினால் 78-ஆம் பிரிவு. இந்த இரண்டிலும் ஒரு முடிச்சு: 2021 திருத்தத்துக்குப் பிறகு மூன்று முதல் ஏழு ஆண்டுவரை தண்டனையுள்ள இச்சட்டக் குற்றங்களை ஸ்டேஷன் நேரடியாக எடுக்க முடியாது. நடுவரின் உத்தரவு வேண்டும். 'எங்களால முடியாது' என்று ஸ்டேஷனில் சொன்னால் அது தட்டிக்கழிப்பு மட்டுமில்லை, அடுத்து நடுவரிடம்தான் போக வேண்டும்.

பைக் யாருடையது என்பதும் வரும். பதினெட்டு நிறையாதவன் ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டம் 199ஏ: உரிமையாளருக்கோ பெற்றோருக்கோ 25,000 அபராதம், மூன்று ஆண்டு வரை சிறை. வண்டிக்கு ஓராண்டு பதிவு ரத்து. பையனுக்கு இருபத்தைந்து வயது வரை லைசென்ஸ் கிடையாது.

படி 8: முடிந்த பிறகு

உத்தரவு ஒப்பவில்லை என்றால் 30 நாளுக்குள் குழந்தைகள் நீதிமன்றத்தில் மேல்முறையீடு. ஒப்பினால், கண்காணிப்புக் காலத்தில் ஒரு தேதியைக்கூட விடாதீர்கள். கடலில் மாட்டிக்கொண்டு வர முடியவில்லை என்றால் அன்றே அலுவலருக்குச் செய்தி அனுப்பி, அந்தச் செய்தியை அழிக்காமல் வையுங்கள்.

பையன் பெயரோ படமோ பள்ளியோ ஊரோ அடையாளம் தெரியும்படி பத்திரிகையிலோ வாட்ஸ்அப்பிலோ போடுவது 74-ஆம் பிரிவில் குற்றம். ஆறு மாதம் வரை சிறை, இரண்டு லட்சம் வரை அபராதம். 'எங்க ஊர்ப் பையன மீட்டோம்' என்று பெருமையாகப் படம் போடுவதற்கும் இது பொருந்தும்.

கீழக்கரை, தொண்டிப் பையன்களுக்கு வளைகுடாக் கனவு, மற்றவர்களுக்குக் கப்பல் வேலை, போலீஸ் தேர்வு. எல்லாவற்றுக்கும் நன்னடத்தைச் சான்று வேண்டும். 24-ஆம் பிரிவுப்படி இந்த வழக்கால் எந்தத் தகுதியிழப்பும் வராது. பதினாறு நிறைந்து கொடுங்குற்றத்துக்காகக் குழந்தைகள் நீதிமன்றத்தில் பெரியவனைப் போல விசாரிக்கப்பட்டு, குற்றம் செய்தான் என்று முடிவானவன் மட்டும் விலக்கு. முடிந்த வழக்கைக் காவல்துறை நன்னடத்தைச் சான்றுக்காக வெளியிடக் கூடாது என்று 74(2) சொல்கிறது. பதிவுகளை ஏழு ஆண்டுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது, அழித்துவிட வேண்டும் என்பது 14-ஆம் விதி. இருந்தும், பாஸ்போர்ட் விசாரணைக்கு வரும் ஏட்டையா நிலையத்தின் பழைய பதிவேட்டைப் புரட்டிவிட்டு "பேரு இருக்கே தம்பி" என்பார். அந்த நேரத்துக்காக, இறுதி உத்தரவின் சான்றிட்ட நகல் இரண்டு வாங்கி ரேஷன் கார்டோடு வையுங்கள். ஒன்றைக் கொடுக்க, ஒன்றை வைத்துக்கொள்ள. லேமினேட் செய்ய வேண்டாம், முத்திரையைத் தடவிப் பார்க்க முடியாத காகிதத்தைச் சில மேஜைகளில் வாங்கமாட்டார்கள்.